ஊர்வலம் போனவர்கள் வீடு திரும்ப வேண்டும்



"ஐயா, 1965 மொழிப் போராட்டத்தில் நம் கல்லூரி மாணவர்கள் பங்கு பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சரித்திர வாத்தியாராக முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். உடனே ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் எழுத வேண்டிய வரலாறு வேறு என்று.

போராட்ட வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். யார் பேசினார்கள், எங்கே துப்பாக்கிச் சூடு, எத்தனை பேர் கைது, எல்லாம் இருக்கும். தண்ணீர்க் குடத்தை யார் தூக்கினார்கள், கூட்டம் எந்தத் தெரு வழியாக வெளியேறியது, வராதவன் பெயரை யார் கேட்டார்கள் என்பது மட்டும் இருக்காது. என் அனுபவத்தில் ஒரு போராட்டத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாதியை எழுதுகிறேன்.

பையில் சின்ன வெங்காயம்

1964-65-இல் நான் நம் கல்லூரியில் பி.யு.சி. படித்தேன். ஜவ்வாது மலை அடிவாரம். விடுதி மாடியில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். அப்போது எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டம். இன்றைக்கு அந்த ஒரே மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது!

1965 ஜனவரி 26 முதல் இந்தி நாட்டின் ஆட்சிமொழி ஆகப்போகிறது என்றதும் சென்னை மாநிலம் கொதித்தது. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரம் ஊர் ஊராகப் பரவியது. 27-ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். செய்தி விடுதிக்கு வந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தட்டுச் சத்தம் கூட இல்லை. அவரும் எங்களைப் போல விடுதியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்தானே!

நாங்களும் ஊர்வலம் போக முடிவு செய்தோம். எங்கள் 'முன்னேற்பாடு' என்ன தெரியுமா? கண்ணீர்ப்புகைக்கு வெங்காயம் நல்லது என்று எவனோ சொன்னான். சமையற்கட்டிலிருந்து ஒரு படி சின்ன வெங்காயத்தைக் கிளப்பிக்கொண்டு வந்து ஆளுக்கு நான்கு பாக்கெட்டில் போட்டுக்கொண்டோம். அவ்வளவுதான். தண்ணீர் இல்லை. யார் யார் வருகிறோம் என்ற கணக்கு இல்லை. கூட்டம் கலைந்தால் எங்கே சேர்வது என்ற பேச்சே இல்லை. (வெங்காயத்தால் கண்ணீர்ப்புகைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.)

எங்கள் அறையில் மலைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அவன் சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விட "மலை" என்று கூப்பிட்டதுதான் அதிகம். அவனும் ஓடி வந்து சேர்ந்துகொண்டான். பாக்கெட்டில் நான்கு வெங்காயம்.

முந்நூறு பேர் இருப்போம். சந்தை ரோடு குறுகி ஒரு சிறுபாலத்தின் மேல் ஏறும் இடம். அங்கே பின்னாலிருந்து ஒருவன், "போலீஸ் வர்றான், சுடப் போறான்!" என்று கத்தினான். திரும்பிப் பார்க்க யாருக்குப் பொறுமை? ஓடினோம். முந்நூறு பேரும் ஒரே திசையில், ஒரே பாலத்தில். உண்மையில் அன்றைக்கு அந்த ரோட்டில் போலீஸே வரவில்லை! வந்தது ஒரு சந்தை லாரி.

இரவுச் சாப்பாட்டில் ஒரு தட்டு மீந்தது. அப்போதுதான் "மலை எங்கேடா?" என்று ஒருவன் கேட்டான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கண்டுபிடித்தோம். பாலத்துக்குக் கீழே காய்ந்த கால்வாயில் விழுந்திருக்கிறான். அவன் மேல் இன்னும் நாலைந்து பேர். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். "பேஷன்ட் எந்த ஊரு? வீட்டுக்கு ஆள் அனுப்புங்க" என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மாசம் ஒரே அறை. ஒரே பாயில் படுத்திருக்கிறோம். அவன் ஊர்ப் பெயர் ஒருவனுக்கும் தெரியாது.

விடுதிப் பதிவேட்டில் 'புதூர்நாடு, ஜவ்வாது மலை' என்று இருந்தது. மலையில் 'நாடு' என்றால் ஓர் ஊர் இல்லை. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பல சிற்றூர்கள் உண்டு. அதற்குள் கல்லூரியை மூடிவிட்டார்கள், விடுதி காலியாகிவிட்டது. நான் ஏறினேன். ஊர் ஊராக விசாரித்து, கேழ்வரகுக் களி கொடுத்த வீட்டுத் திண்ணையில் தூங்கி, மூன்றாம் நாள்தான் அவன் அப்பாவைக் கண்டுபிடித்தேன். சாமை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, புள்ள உசுரோட இருக்கானா?"

இருந்தான். ஆனால் அந்த வருஷப் பரீட்சை போயிற்று. கால் கடைசி வரை சாய்ந்தே இருந்தது. பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து மலையிலேயே பள்ளி வாத்தியாரானான். பல வருஷம் கழித்து ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "ஏன்டா, கத்தறதுக்கு அத்தினி பேரு இருந்தீங்க. எங்கூரு பேரு ஒருத்தனுக்குத் தெரியலியே!"

அந்தச் சிரிப்பு என்னை இன்னும் விட்டபாடில்லை.

போராட்டம் வென்றது, கணக்கு நின்றது

1965 பிப்ரவரியில் நிலைமை கைமீறியது. பட்டாளம் வந்தது. ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. பிப்ரவரி 10 அன்று திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் கூட்டத்தின் கையில் மாண்டார்கள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு. மொத்தச் சாவு சுமார் 70 என்பது அரசுக் கணக்கு. அதற்கும் மேல் என்பது மக்கள் பேச்சு. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

போராட்டம் வென்றது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 'சுமார்' 70 என்கிறோமே, அந்த 'சுமார்' இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. எண்ணி முடிக்காத சாவு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் ஊர்ப் பெயர் தெரியாத சாவு.

வேதாரண்யம் சொன்ன பாடம்

இப்படியெல்லாம் இல்லாமல் ஓர் ஊர்வலத்தை நடத்த முடியுமா? நம் தாத்தாமார்கள் நடத்தியிருக்கிறார்கள்.

1930 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாள். ராஜாஜி தலைமையில் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை கிளம்பியது. தேர்ந்தெடுத்த தொண்டர்கள் சுமார் 100 பேர். வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட கூட்டம் இல்லை அது. 150 மைல் தூரத்தைத் தினம் பத்து மைல் வீதம் நடந்து 28-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவு போட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! கொடுத்தவர் யார் என்று தெரியாது, எடுத்தவர் மேல் குற்றமும் கிடையாது. வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை தங்குவதற்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதானார். தலைவர் போன பின்பும் கூட்டம் சிதறவில்லை. வேலை நடந்துகொண்டே இருந்தது.

இதை நாம் தியாகம் என்று மட்டும் படிக்கிறோம். நான் இதை ஏற்பாடு என்றும் படிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பாடம் கடல் தாண்டியும் போயிற்று. அமெரிக்க நீக்ரோ மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஜேம்ஸ் லாசன் என்று ஒருவர். 1950-களில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்திய முறையைக் கற்றவர். ஊர் திரும்பி நாஷ்வில் நகரத்துக் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினார். ஒருவர் திட்ட வேண்டும், தள்ள வேண்டும். மற்றவர் திருப்பி அடிக்காமல் இருக்கப் பழக வேண்டும். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது என்பதையும் ஒத்திகை பார்த்தார்கள். 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம் அந்த உணவகங்கள் இறங்கி வந்தன. நாம் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம், ஆண்டு விழாவுக்குப் பார்க்கிறோம். ஊர்வலத்துக்குப் பார்த்தோமா?

ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஆறு

கூட்டத்துக்குப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது மேடையை அல்ல, வெளியேறும் வழியை. இதற்கு வரலாற்றில் சாட்சி நிறைய.

1919-இல் ஜாலியன்வாலா பாக். நாலு பக்கமும் சுவர், வெளியேறக் குறுகலான வழிகள்தான். அரசுக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம். ஒரு பக்கம் போலீஸ் தடியடி, மறு பக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கி ஓடியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. சுட்டவர்கள் பொறுப்பு, அடித்தவர்கள் பொறுப்பு தனி. அதைக் கேட்காமல் விடக் கூடாது. ஆனால் ஊர்வலத்தை வழிநடத்துகிறவர்கள், "இந்த இடத்தில் தடியடி நடந்தால் ஜனம் எங்கே போகும்?" என்று முன்கூட்டியே ஒருமுறை அந்த வழியில் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பதும் வரலாறு சொல்கிற பாடம்.

போலீஸே இல்லாவிட்டாலும் கூட்டம் கொல்லும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுத்தான் என்று நினைக்கிறோம். பலர் நின்ற நிலையிலேயே மூச்சு விட நெஞ்சு விரிய இடமில்லாமல் இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றாலே ஆபத்து தொடங்கிவிடும். அதற்கு மேல் போனால் நாம் நடப்பதில்லை. தண்ணீர் போலக் கூட்டம் நம்மை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் சிறுபாலத்தில் நடந்தது அதன் சின்ன வடிவம்தான்.

நல்ல உதாரணமும் உண்டு. 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடினார்களே, ராப்பகலாகப் பெண்களும் குழந்தைகளும் அச்சமில்லாமல் இருந்தார்கள். குப்பை பொறுக்க ஆள், போக்குவரத்தைச் சரிசெய்ய ஆள், சாப்பாடும் தண்ணீரும் கொடுக்க ஆள். தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேவிட்டேன். ஆனால் 23-ஆம் தேதி காலை போலீஸ் கலைக்க வந்தபோது, "இப்போது போவதா, இருப்பதா?" என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு குரல் இல்லை. தடியடி, தீ, கலவரம் என்று முடிந்தது. கூட்டத்தைக் கூட்டத் தெரிந்தவர்கள் கலையவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாத்தியாரின் நோட்டு

மறுபடியும் மலைக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். தமிழ்நாடெங்கும் போராட்டங்கள் நடந்தன. ஆந்திரப் பேருந்துகள் எல்லையில் நின்றன.

அந்த வாரம் என் நண்பனைப் பார்க்க மலைக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. திண்ணையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்னடா இது என்றேன். "கீழ போற பசங்க பேரு. ஆர்ப்பாட்டத்துக்குப் போனாலும் சரி, கூலிக்குப் போனாலும் சரி, எழுதிட்டுத்தான் போவணும். எந்தூரு, அப்பன் பேரு, யாரு கூட்டினு போறா, என்னிக்குத் திரும்பறான். திரும்பினா டிக் போடுவேன்" என்றான். சாய்ந்த காலை நீட்டிக்கொண்டு, சிவப்பு மையில் டிக் போட்டுக் காட்டினான்.

ஐம்பது வருஷத்துக்கு முன் எங்கள் முந்நூறு பேருக்கும் தோன்றாத காரியம்! போன வருஷம் நண்பன் காலமானான். நோட்டை அவன் மகள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி தங்கைகளுக்கு

போகாதே என்று சொல்ல மாட்டேன். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தந்த உரிமை. போவதானால் 'முன்ஜாக்கிரதை முத்தண்ணா' என்று கேலி செய்தாலும் பரவாயில்லை, இவற்றைச் செய்துவிட்டுப் போங்கள்.

1. தனியாகப் போகாதீர்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். பிரிந்தால் எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சேர்வது என்று முதலிலேயே பேசுங்கள். மலைப் பிள்ளைகள் கடைசி பஸ் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

2. வராத ஒருவரிடம் பெயர்ப்பட்டியல் இருக்கட்டும். ஊர், தகப்பனார் பெயர், போன் நம்பர். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் அடிவாரத்தில் ஒரு சொந்தக்காரர் நம்பரும் வேண்டும். கூட்டத்தில் செல்போன் வேலை செய்யாமல் போகலாம். ஒரு நம்பரைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. தண்ணீர், தினம் சாப்பிடும் மாத்திரை, அடையாள அட்டை. காலில் கட்டி நிற்கும் செருப்பு அல்லது ஷூ. கத்தி, கல், கம்பு எதுவும் கூடாது. ஒருவன் எறியும் ஒரு கல் ஆயிரம் பேர் மேல் தடியாகத் திரும்பும். கல் எறியச் சொல்லித் தூண்டுகிறவன் பக்கத்திலிருந்து உடனே விலகுங்கள்.

4. நெரிசல் தொடங்குகிறது என்று தோன்றினால், தோன்றிய உடனே ஓரத்துக்கு வாருங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலையோடு போய்க்கொண்டே குறுக்குவாட்டில் நகருங்கள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடக்கி வைத்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். சுவர், கம்பி வேலி, பாலம் பக்கம் ஒதுங்காதீர்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள்.

5. கண்ணீர்ப்புகை வந்தால் காற்று வரும் திசையைப் பார்த்து வெட்டவெளிக்குப் போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பின்வரிசையில், வழி பார்த்து நில்லுங்கள். வெங்காயத்தைச் சாம்பாருக்கு விட்டுவிடுங்கள்!

6. "சுடப் போறான்" என்று கேட்டதும் ஓடாதீர்கள். யார் சொன்னது, கண்ணால் பார்த்ததா என்று ஒரு கணம் கேளுங்கள். அடிபட்டவர் இருந்தால் 108-க்குச் சொல்லுங்கள்.

7. கைதானால் முரண்டு பிடிக்காதீர்கள். காரணம் கேட்கவும், வக்கீலைப் பார்க்கவும், வீட்டுக்குத் தகவல் சொல்லவும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட் அனுமதியும் இல்லாமல் பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்யக் கூடாது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பெண்களுக்கும், பழங்குடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இலவச சட்ட உதவி சட்டப்படியே உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பழைய மாணவர் சங்கம் நூலகத்துக்குப் பீரோ வாங்கித் தந்தது, தண்ணீர்த் தொட்டி கட்டியது. இந்த வருஷம் செலவே இல்லாத ஒரு காரியம் செய்வோம். விடுதியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முக்கியமாக மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு, நோட்டில் ஒரு பக்கம். அதில் 'நாடு' மட்டும் போதாது. சிற்றூர் பெயர், போகும் வழி, தகவல் சொல்ல ஒரு ஆள். அறைக்கு ஒருவர் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

முதல் நோட்டை நானே வாங்கிக் கொண்டு வருகிறேன். கூடலன்று கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் என் நண்பனின் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், அறுபது வருஷம் தாமதமாக.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!